இன்வாய்ஸ் எண் 014

திரையில் தொழில்கள் இறங்கிக்கொண்டே போகின்றன,
மலாய் அகர வரிசையில்.
பெனாக்சிர் இருக்கிறார், மதிப்பீடு செய்பவர்.
பெனாசிஹாட் இருக்கிறார், ஆலோசனை சொல்பவர்.
இருவருக்கும் நடுவே வர வேண்டிய பெனாரியைக் காணோம்.
"ஆடுறவங்க கிடையாதா டீச்சர்?" என்கிறான் யுகேந்திரன்.
கடைசிக்குப் போ, லாயின்-லாயின் என்று இருக்கும்,
மற்றவை, அதை அழுத்து என்கிறேன்.
அழுத்தவில்லை.

எனக்கு ஆடத் தெரியாது.
பத்து வருடம் கணிதம் நடத்தியவளை
ஆலோசனை அறையில் உட்கார வைத்தார்கள்.
ஒரு பக்கம் நோயாளி அறை,
மறு பக்கம் காற்றுப் போன பந்துகள்.
இவன் ஆடி நான் பார்த்தது ஒருமுறைதான்:
கொம்தாரில், இரவு ஒன்பதரைக்கு,
மூடிய கைப்பேசிக் கடையின் கண்ணாடி முன்னால்.
லோஷினி பக்கத்தில் நின்று எட்டு எட்டாக எண்ணினாள்.
பேருந்தைத் தவறவிட்டேன்.
அடுத்ததையும்.

ஆசை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
இடது சப்பாத்தில், பெருவிரல் பக்கம், ஓட்டை.
கேட்டது அவன் அம்மா.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
சீருடையோடு வந்து உட்கார்ந்து
ஒரே கேள்வி:
"டான்ஸுக்கு இ.பி.எப். பிடிப்பாங்களா?"
தெரியாது என்றேன். வெட்கமாக இருந்தது.
மறுநாள் கிளை அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்துக் காத்திருந்தேன்.
யாரும் பிடிக்க மாட்டார்கள்.
தானே கட்டலாம், கொஞ்சம் கொஞ்சமாக.
அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார்.
சரி என்று சொல்லவில்லை.
கிழித்தும் போடவில்லை.

சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளோடு
ஓர் அரங்கத்தின் பின்வாசல் வழியே நுழைந்தோம்.
தரையில் உட்கார்ந்து குதிகாலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள்
மேய் ஃபோங்.
எப்படி ஜெயித்தீர்கள் என்று இவர்கள் வாயைத் திறக்குமுன்
அவள் கேட்டாள்:
இன்வாய்ஸ் எழுதத் தெரியுமா?
மூன்று நாள் குழந்தைகளுக்கு வகுப்பு,
இரண்டு நாள் ஒத்திகை,
ஒரு நாள் வர வேண்டிய காசைத் துரத்துவது.
ஏழாவது நாள்?
முட்டிக்கு, என்றாள்.
எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
பிறகு அவளும் சிரித்தாள்.
"முதல் சீட்டில் 001 என்று போட்டுவிடாதே.
014 போடு. புது ஆள் என்று தெரிந்தால் பேரம் பேசுவார்கள்."

லோஷினியைக் காணாமல் தேடினேன்.
மேலே, விளக்குப் பலகை முன்னால்.
ஹட்ஸிம் என்பவர் ஒற்றை விரலால் எதையோ தள்ள,
கீழே ஆளில்லாத மேடையில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.
இவள் உதட்டில் அதே எட்டு.
திரும்பும் வழி முழுக்கப் பேசவில்லை.
திங்களன்று வந்து கேட்டாள்,
"டீச்சர், வயர் வேலை எங்க படிக்கலாம்?"

014 என்றே போட்டான் யுகேந்திரன்.
ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாண விருந்து, எட்டு நிமிடம்,
நூற்றைம்பது வெள்ளி.
ஒத்திகை நேரத்தையும் சேர்த்து வகுத்துப் பார்ப்போம் என்றேன்,
பழைய புத்தி.
இருபத்து நான்கு மணி நேரம்.
மணிக்கு ஆறேகால் வெள்ளி.
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அழிக்கலாம் என்று நான் சொல்லவில்லை,
அவனும் ரப்பரைத் தொடவில்லை.

மூன்று வாரமாகிறது. காசு வரவில்லை.
இரண்டாவது நினைவூட்டல் எழுத வந்திருக்கிறான்.
மரியாதையாக எழுது, ஆனால் மன்னிப்புக் கேட்காதே என்கிறேன்.
விரல்கள் தட்டச்சு செய்கின்றன.
மேசைக்கு அடியில் கால் சும்மா இல்லை,
என் தம்ளர் தண்ணீரில் வட்டம் மேல் வட்டம்.
"இப்பவே அனுப்பவா?"
காலை ஒன்பதுக்கு அனுப்பு.
இராத்திரி அனுப்பினால் அவசரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.
"அவசரம்தானே, டீச்சர்."